உம் கொட்டினால் சம்மதமா

கிரிஸ்டல் ஃபால்ஸ் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் சும்மாவே கொடுத்துவிட்டார்களாம். இதை ஜீனோவுக்கு அவன் மச்சான் சொன்னான். மச்சானுக்கு டயர் கடையில் யாரோ சொன்னார்கள். டயர் கடைக்கு அந்தச் செய்தி எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"ஆள் பேரு என்ன?" என்று கேட்டார் ஆர்விட் சல்மேலா.

"பேரா இப்ப முக்கியம்? பழைய இன்ஷூரன்ஸ் பிளானை விட்டுட்டுப் புதுசுக்கு மாறியிருக்கான். மாசக் கட்டணமே கிடையாது. பல்லு, கண்ணு, காது எல்லாம் அதுலயே வருது. இப்ப காட்டுல மான் தும்மினாக்கூட அவனுக்குக் கேக்குதாம்."

நவம்பர் முதல் வாரம். பேக்கரியில் இருவரும் வழக்கமான ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜீனோ இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துக் கடைப் பெண் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினைப் போட்டாள். ஜீனோவின் மீசை மேலும் கீழும் அசைந்தது. அது உதட்டை முழுக்க மூடிக்கொண்டிருக்கிற மீசை; உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஆர்விட் தலையை ஆட்டி, மூச்சை உள்ளே இழுத்து, "யோ" என்றார்.

மீசைக்குள்ளிருந்து வந்த பாதிச் செய்தி இதுதான்: "ஆனா அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரி கவுண்டர்ல கார்டை நீட்டினா, இது செல்லாதுன்னுட்டாங்களாம். அதை யோசிச்சுக்கடா."

இந்தப் பாதி காபித்தூளோடு போயிற்று.

ஆர்விட்டுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்து நாலு வருஷம் காகித ஆலையில் மூன்றாம் நம்பர் மெஷினோடு இருந்தவர். அந்தக் கூடத்தில் வாய்ப்பேச்சுக்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். கட்டைவிரலை உயர்த்தினால் புரிந்தது என்று அர்த்தம். கழுத்தருகே கையை இழுத்தால் தாள் அறுந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். காதுக்கு வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பு கொடுத்தார்கள். ஆர்விட் இடது காதில் மட்டும் வைத்துக்கொள்வார். வலது காதைத் திறந்தே வைத்திருப்பார். மெஷின் ஓசை லேசாக மாறுவது காதில் விழுந்தால்தான் தாள் அறுவதற்கு முன்னால் போய் நிற்க முடியும். அப்படிப் போய் நின்றதால் ஆலையில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த அந்த வலது காது ஓய்வு பெறுவதற்கு முன்பே போய்விட்டது. இடது காதில் மீதி கொஞ்சம்.

"யோ" என்பது பின்லாந்திலிருந்து அவர் தாத்தா கப்பலில் வரும்போது கூடவே வந்த சொல். அதை மூச்சை விட்டுச் சொல்வதில்லை, உள்ளே இழுத்துச் சொல்வார்கள். திடீரென்று குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம். ஆமாம் என்று அதற்கு அகராதியில் அர்த்தம் இருக்கலாம். ஊரில் அதற்கு அந்த அளவு கனம் இல்லை. கதை கேட்கிறவர் உம் கொட்டுகிறார் இல்லையா, அதுதான். நான் இங்கேதான் இருக்கிறேன், நீ சொல்லிக்கொண்டு போ. அவ்வளவுதான். காது மங்க மங்க ஆர்விட் அதை அதிகமாகச் சொல்லத் தொடங்கினார். கேட்டதற்கும் யோ, கேட்காததற்கும் யோ.

அவருடைய கல்யாணத்திலேயே இது ஒரு தகராறு ஆயிற்று. இவளை மனைவியாக ஏற்கிறாயா என்று பாஸ்டர் கேட்டபோது ஆர்விட் மூச்சை உள்ளே இழுத்தார். பாஸ்டர் புத்தகத்தை மூடி விரலை நடுவில் வைத்துக்கொண்டு, "தம்பி, வெளியே வர்ற மாதிரி சொல்லு" என்றார். சர்ச் முழுக்கச் சிரித்தது. லொரீன் சிரிக்கவில்லை. அவர் இரண்டாவது தடவை சரியாகச் சொல்லும்வரை பூங்கொத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லொரீனுக்கு இப்போது அறுபத்தொன்று. மார்பில் வந்து போன நோய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எலும்பில் திரும்பி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். அதற்கு மிஷிகனைத் தாண்டி விஸ்கான்சின் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டம். ஆர்விட்தான் ஓட்டுவார். ஓட்டுகிறவர் இடது பக்கம், லொரீன் வலது பக்கம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அவள் பேசுவதெல்லாம் அந்தச் செத்துப்போன வலது காதில்தான் போய் விழும்.

ஏப்ரலில் ஒரு நாள் திரும்பி வரும்போது அவள் ஏதோ சொன்னாள். ஆர்விட் சாலையைப் பார்த்தபடி யோ என்றார். அவள் அதன் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. மருந்து ஏற்றிய களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்துச் சமையலறையில் அவள் கேட்டாள்.

"அன்னிக்குக் கார்ல உன்னை ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்ட?"

"இந்த மருந்தை நிறுத்திடலாமான்னு கேட்டேன்."

அவர் கையிலிருந்த தட்டை வைத்தார்.

"நீ யோன்ன," என்றாள் லொரீன்.

"எனக்குக் கேக்கல, லொரீன். சத்தியமா கேக்கல."

"தெரியும். இப்பத் தெரியும். இந்த அஞ்சு நாளும் தெரியாம இருந்துச்சு."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறாளா, வேண்டாம் என்று நினைக்கிறாளா என்று கேட்க அவருக்கும் வாய் வரவில்லை. மூன்று வாரம் ஆனதும் அவளே கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்த ஐந்து நாள் ஆர்விட்டின் மனசை விட்டு இறங்கவில்லை. காது மெஷின் வேண்டும் என்ற ஆசை அவருக்கு அப்போது பிடித்ததுதான். விலை விசாரித்தார். பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்று இருந்த பிளானில் காதுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பிளான் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். ஆர்விட் அறுபத்தைந்து தாண்டியவர். வயதானவர்களுக்கு அரசாங்கம் தருகிற மருத்துவக் காப்பீடான மெடிகேர் அவருக்கு உண்டு, அதற்கு மேலே ஆலைப் பிளானும் உண்டு. லொரீனுக்கு மெடிகேர் வயது வர இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அவளுக்கு இருப்பதெல்லாம் ஆலைப் பிளான் ஒன்றுதான், அதுவும் கணவர் பேரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் ஏழுவரை வயதானவர்கள் பிளான் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஏழு வாரமும் தபால்பெட்டி மூடாது. டெலிவிஷனைப் போட்டால் சிரித்த முகமாக யாராவது ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மான் வேட்டை சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள், நவம்பர் பதினாலு, லொரீன் சர்ச்சுக்குப் போயிருந்தாள். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு விற்பதற்காகப் பெண்கள் கூடிக் கறியும் கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்விட் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, டெலிவிஷனில் வந்த நம்பரைக் கூப்பிட்டார். சும்மா விசாரிக்கலாம் என்றுதான்.

பேசிய பெண் தன் பேர் ஷெல்பி என்றாள். குரல் நல்ல குரல், ஆனால் ஓட்டமான குரல்.

"காது மெஷின் இதுல வருதாம்மா?" என்று அவர் முதலிலேயே கேட்டார்.

"கண்டிப்பா வருது, மிஸ்டர் சல்மேலா. ரெண்டு காதுக்கும்."

இது நன்றாகக் கேட்டது. பிறகு அவள் மெடிகேர் கார்டின் நம்பரைக் கேட்டாள். விவரம் பார்க்கத்தானே என்று கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் எழுதி வைத்ததை வாசிக்கிறவள்போல் ஒரே மூச்சில் போனாள். நடு நடுவே நிறுத்துவாள். நிறுத்தினால் தான் கேட்டுக்கொண்டிருப்பதைத் தெரிவிப்பதுதானே மரியாதை. ஆர்விட் யோ என்றார். அவள் மறுபடியும் ஓடுவாள். மறுபடியும் யோ.

"இது விசாரிப்புத்தானேம்மா?" என்று கடைசியில் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே நீளமாக என்னவோ சொன்னாள். சிரிப்பு மட்டும் புரிந்தது. அவரும் சிரித்து, யோ சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஜீனோவோடு காட்டுக் குடிசைக்குக் கிளம்பினார். பத்து நாளுக்கு மேல் அங்கே. இரண்டு கொம்பு மான்கள் எதிரே வந்து நின்றும் ஜீனோதான் முதலில் பார்த்தான். "கிளை உடையற சத்தம் உனக்குக் கேக்கலையாடா?" என்று திட்டினான். இங்கே வீட்டில் தபால் குவிந்தது. லொரீன் தினமும் எண்ணிப் பார்த்துச் சிரிப்பாள். "இன்னிக்கு ஒம்பது. ஒம்பதும் அவசரம், ஒம்பதும் உடனே பிரிக்கணும்." கட்டாகத் தூக்கி, நீராவிக் குளியல் போடுகிற சானா அறையின் அடுப்புக்குச் சிராய் போட்டு வைக்கும் பெட்டியில் போட்டுவிடுவாள். நெருப்பு மூட்டவாவது உதவட்டும்.

டிசம்பர் ஐந்து, வியாழக்கிழமை, ஆர்விட் நூலகத்துக்குப் போனார். மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இன்னும் மூன்று நாள் இருந்தது. நூலகத்தில் திருமதி பெலாஞ்சர் என்றொருவர், முன்பு பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தவர், இந்த சீசனில் பணம் வாங்காமல் யோசனை சொல்லுவார். இவர் ஒரு காதைத் திருப்புவதைப் பார்த்ததுமே அவர் தடித்த பேனாவையும் காகிதத்தையும் எடுத்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்வி, மிஸ்டர் சல்மேலா. உங்க ஆலைப் பிளான்ல உங்க மனைவியும் இருக்காங்களா?"

"இருக்கா."

திருமதி பெலாஞ்சர் எழுதிக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். *நீங்கள் புதுப் பிளானில் சேர்ந்த அன்றைக்கே ஆலைப் பிளான் உங்களை எடுத்துவிடும். கூடவே அவரையும். திரும்பி வர வழி கிடையாது.*

ஆர்விட் இரண்டு தடவை படித்தார்.

"அவளுக்கு மருந்து ஏத்திக்கிட்டிருக்கோம்," என்றார்.

"எங்கே?"

"விஸ்கான்சின்ல."

"அப்ப இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. இருக்கிற இடத்துல இருங்க. கையெழுத்து எதுவும் போட்டுடலையே?"

"கையெழுத்தா? இல்ல," என்றார் ஆர்விட். அது உண்மைதான்.

வெளியே வந்து வண்டியில் ஏறினார். காது மெஷின் இல்லை என்று ஆகிவிட்டது. வருத்தமாக இருந்தது, ஆனால் தெளிவாகவும் இருந்தது. எட்டு மாசமாக அலைக்கழித்த ஒரு விஷயத்துக்கு ஒரு வரியில் பதில் கிடைத்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் லொரீனிடம் சொன்னார்.

"பிளான் மாத்தலாம்னு நெனச்சேன். வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எதுக்கு மாத்தணும்?"

"காதுக்கு."

லொரீன் தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "இனிமே நான் பின் சீட்டுல உனக்கு இடது பக்கமா உக்காந்துக்கறேன்," என்றாள். "டாக்சிக்காரன்கிட்ட பேசற மாதிரி பேசறேன். நீயும் பதில் சொல்ற மாதிரி சொல்லு."

போன் பேசியதை அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்வதற்கு அதில் ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சானா நாள். மூன்றே காலுக்கு ஆர்விட் அடுப்பு மூட்டப் போனார். பிர்ச் மரப் பட்டையை அடியில் வைத்து, பெட்டியிலிருந்து உறைகளை எடுத்து இரண்டு இரண்டாகக் கிழித்துப் போட்டார். ஒரு உறை கிழியவில்லை. மறுபடி முறுக்கினார். உள்ளே கெட்டியாக என்னவோ இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் கார்டு. அதில் ஆர்விட் ஜே. சல்மேலா என்று அவர் பேர். பேருக்குக் கீழே ஜனவரி ஒன்று.

கடிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். *தொலைபேசி வழியாக நீங்கள் தந்த சம்மதத்தின் பேரில் உங்களைச் சேர்த்துக்கொண்டோம்.* இதில் தவறு இருந்தால், மனம் மாறினால், டிசம்பர் ஏழுக்குள் கூப்பிடவும். சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிவரை.

இன்றைக்கு ஏழு.

அடுப்புக் கதவு திறந்திருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கார்டையும் உள்ளே போட்டுவிடலாம் என்று கை போயிற்று. கார்டு எரிந்தால் சம்மதம் எரிந்துவிடுமா? கோட்டுக்கூடப் போடாமல் பனியில் நடந்து வீட்டுக்குள் போனார்.

லொரீன் ஏலக்காய் ரொட்டிக்கு மாவைத் திரித்துச் சடைபோல் பின்னிக்கொண்டிருந்தாள். மேஜையில் கார்டையும் கடிதத்தையும் வைத்தார். அவள் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். படித்து முடித்து உட்கார்ந்தாள்.

"இது நானா?" என்றாள். "இந்த ரெண்டாவது பாராவுல, சார்ந்திருப்பவர்கள்னு போட்டிருக்கே, அது நானா?"

"நீதான்."

"நீ அவகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எப்படிக் கேட்டுக்கிட்டிருந்த?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கம் முந்திக்கொண்டது. மூச்சு உள்ளே போயிற்று.

"யோ."

லொரீன் அந்தக் கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல அந்தப் பாஸ்டர் ஒருத்தர்தான் இதை ஒத்துக்கல," என்றாள் அவள். "மத்த எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நான் உட்பட."

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. ஐந்துவரை நேரம் இருக்கிறது என்று ஆர்விட் விரலால் காட்டினார். அவள் தலையை ஆட்டி, கடிதத்தின் தலைப்பில் இருந்த முகவரியைத் தொட்டாள். டெட்ராய்ட் பக்கத்து ஊர். இந்த ஊர்க் கடிகாரம் விஸ்கான்சினோடு ஓடுகிறது; அவர்களுடையது ஒரு மணி முன்னால். அங்கே ஐந்து என்றால் இங்கே நாலு. இருபது நிமிஷம்.

லொரீன்தான் கூப்பிட்டாள். ஆறு நிமிஷம் பாட்டு ஓடிய பிறகு ஒரு ஆள் வந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். கேட்டாள். மறுபடியும் சொன்னாள். "நான் அவர் மனைவி. பக்கத்துலதான் இருக்கார். இல்லப்பா, அவருக்குக் காது கேக்காது, அதனாலதானே இந்த வம்பே." பிறகு போனை ஒரு கையால் மூடிக்கொண்டு, "உன் குரல்ல இருந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம்," என்றாள். "சேத்துக்கிட்டது எந்தக் குரலோ, அந்தக் குரலே எடுத்துவிடச் சொல்லணுமாம். வேற பிரிவுக்கு மாத்தறானாம்."

மாற்றினான். மாற்றியதில் லைன் அறுந்தது. அவள் கழுத்தருகே கையை இழுத்துக் காட்டினாள். ஆலைச் சைகை. எப்போது கற்றுக்கொண்டாள் என்று அவருக்குத் தெரியாது.

மூன்று ஐம்பத்தொன்று. கடிதத்தின் அடியில் அந்தப் பிரிவுக்கே தனி நம்பர் இருந்தது. லொரீன் உறையைப் பின்பக்கம் திருப்பி, பென்சிலால் பெரிதாக எழுதினாள். *அவர்கள் கேட்பதை எழுதிக் காட்டுவேன். படித்துவிட்டுப் பேசு. மூச்சை வெளியே விடு.*

"வேண்டாம்," என்று ஆர்விட் சொல்லிப் பார்த்தார். "நான் சேரல. எடுத்துடுங்க. வேண்டாம்."

"சத்தமா."

"வேண்டாம்."

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். அவருடைய இடது பக்கம் குனிந்து, காதருகே வாயைக் கொண்டுவந்தாள். மாவும் ஏலக்காயும் மணத்தது.

"ஏப்ரல்ல கேட்டேனே, அதுக்கு நானே பதில் சொல்லிடறேன், கேட்டுக்க," என்றாள். "எனக்கு நிறுத்த வேண்டாம். கேட்டுதா?"

ஆர்விட் மூச்சை இழுக்கவில்லை. பிடித்து வைத்து, வெளியே விட்டு, "கேட்டுது," என்றார்.

அவள் நம்பரை அழுத்தி, போனைச் சத்தம் வெளியே வரும்படி மேஜை நடுவில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே சானாவின் புகைக்குழாயில் புகை இல்லை. அடுப்பை மூட்டாமலே வந்திருந்தார். பின்னி முடிக்காத மாவு பலகையில் காய்ந்துகொண்டிருந்தது. போன் மணி அடிப்பது அவர் காதில் விழவில்லை. அதற்காக லொரீன் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை மேஜையில் விரலால் தட்டினாள். பலகை வழியாக அது அவருடைய முழங்கைக்கு வந்து சேர்ந்தது.

எட்டு. ஒன்பது.

கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. ஆர்விட் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி, வாயை லேசாகத் திறந்து, சொல்ல வேண்டிய சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.